வீட்டுக்கு ஐந்து கிலோ

2020 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. கொரோனா பரவலைத் தடுக்க சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் நான்கு நாளும் சேலம், திருப்பூர் மாநகராட்சிகளில் மூன்று நாளும் முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. சேலத்துக்கு 26-ஆம் தேதி காலை 6 மணி முதல் 28-ஆம் தேதி இரவு 9 மணி வரை. மளிகைக் கடைக்கும் பூட்டு. இடையில் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. அப்போது கடைகளுக்கு அனுமதித்த நேரம் காலை 6 முதல் பகல் 1 மணி வரைதான். கூட்டத்தைப் பார்த்த பிறகு அன்றைக்கு மட்டும் 3 மணி வரை நீட்டினார்கள்.

அந்தச் சனிக்கிழமை கடைவீதியில் முண்டியடித்தவர்களை ஊரே திட்டியது. 'மூணு நாளைக்கு இவ்வளவு அலப்பறையா?' என்றார்கள். பேராசை, படிப்பறிவின்மை, கட்டுப்பாடின்மை என்று மூன்று காரணங்கள் சுற்றி வந்தன. மூன்றுமே தவறு என்பது என் கட்சி. அன்றைக்கு நடந்ததை விளக்க மளிகைக் கடையின் கணக்கு நோட்டு போதும், மனுஷனின் குணத்தைத் தோண்ட வேண்டியதில்லை.

சேலம் அம்மாபேட்டைப் பக்கம் ஒரு தெருக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை நம்பி 300 குடும்பங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் சோறு, இட்லி, தோசை எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அரிசி ஆகும். மாதத்துக்கு ஒரு 25 கிலோ சிப்பமும் மேலே கொஞ்சமும். கணக்கு எளிதாக இருக்க, வீட்டுக்கு ஒரு சிப்பம் என்றே கொள்வோம். 300 வீட்டுக்கு மாதம் 300 சிப்பம், நாளுக்குப் பத்து. இப்படிப்பட்ட கடையில் 40 சிப்பம் அடுக்கியிருந்தால் அது நல்ல இருப்பு, நாலு நாள் தாங்கும். அதற்கு மேல் கடைக்காரர் ஏன் வைப்பதில்லை? சிப்பம் 1,200 ரூபாய் என்றாலும் 40 சிப்பத்தில் 48,000 ரூபாய் முடங்கிக் கிடக்கும். இடமும் வேண்டும், எலியும் வண்டும் வேறு. மொத்த வியாபாரம் நடக்கும் செவ்வாய்ப்பேட்டை லீ பஜார் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஒரு போன் போட்டால் டெம்போவில் மறுநாள் சரக்கு வந்துவிடும். அவசியமில்லாமல் யார் அடுக்கி வைப்பார்கள்?

இனி சனிக்கிழமைக்கு வருவோம். 300 வீட்டுக்காரர்களும் பரம சாதுக்கள் என்றே நினைத்துக்கொள்வோம். யாரும் பதுக்கவில்லை. 'மூணு நாள் கடை இல்லை, முன்ன பின்ன ஆனாலும் இருக்கட்டும்' என்று வீட்டுக்கு ஐந்து கிலோ மட்டும் வாங்குகிறார்கள். 300 பெருக்கல் 5 கிலோ என்றால் 1,500 கிலோ, அதாவது 60 சிப்பம். கடையில் இருப்பது 40. இருபது சிப்பம் இல்லை. நூறு வீடு வெறும் பையோடு திரும்பும். அந்த நூறு பேரும் தெருவில் சொல்லப்போகும் வாக்கியம் ஒன்றுதான்: 'அரிசி தீந்துபோச்சுங்க.'

இதில் குற்றவாளி எங்கே? ஐந்து கிலோ வாங்கியவர் செய்தது எந்தப் பாட்டியும் மெச்சக்கூடிய குடித்தனம். எல்லாரும் ஒரே நாளில் வந்ததுதான் கடையைக் கவிழ்த்தது. பத்துச் சிப்பம் ஓடும் கடையில் அறுபது கேட்டால் உலகத்தில் எந்தக் கடையும் கவிழும்.

சரக்கு மலையாக இருந்தாலும் கதை மாறாது என்பதுதான் இதைவிடச் சுவாரசியம். தெருக் கடையில் பாதிப் பொருள் சில்லறையாக நிறுத்துக் கட்டித் தர வேண்டியது. பதினைந்து அயிட்டம் உள்ள ஒரு சிட்டையை எடுத்து, நிறுத்து, கட்டி, கூட்டிப் போட்டுக் காசு வாங்க ஆறு நிமிடம் பிடிக்கும். மூன்று ஆள் கைவேலை என்றால் பகல் 1 மணி வரையுள்ள 420 நிமிடத்தில் 210 சிட்டை போகும். 3 மணி வரை நீட்டினால் 270. வரவேண்டியவர்கள் 300. அதோடு நிற்காது. ஊரடங்கு என்றதும் சிட்டை நீளும். பதினைந்து அயிட்டம் இருபத்தைந்தாகும், ஆறு நிமிடம் பத்தாகும். அப்போது 540 நிமிடத்திலும் 162 பேருக்குத்தான் சாமான் கட்ட முடியும். ஏறக்குறைய பாதித் தெரு வெயிலில் நின்றுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். மூட்டை உள்ளே இருந்தும் கடை 'தீர்ந்துபோகும்' விதம் இது. நேரம்தான் முதலில் தீரும், அரிசி அதற்கப்புறம்தான்.

அதனால்தான் கடை நேரத்தைக் குறைக்கும் எந்த உத்தரவையும் நான் சந்தேகத்தோடு பார்க்கிறேன். கூட்டத்தைத் தவிர்க்க நேரத்தைச் சுருக்கினால் அதே ஆட்கள் குறைந்த நேரத்துக்குள் நெருக்கியடிப்பார்கள். தொற்றுக்கு அதைவிடத் தோதான ஏற்பாடு இல்லை. 2020 மார்ச் 24 இதற்கு உச்சம். இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசத் தொடங்கினார், நள்ளிரவு 12 மணிக்கு 21 நாள் ஊரடங்கு அமலுக்கு வந்தது. நாட்டுக்குக் கிடைத்த அவகாசம் நாலு மணி நேரம். அத்தியாவசியப் பொருள் கிடைக்கும், பதற வேண்டாம் என்று அதன்பிறகு எத்தனை முறை சொன்னாலும், கேட்கிறவர் காதில் விழுந்தது கதவு சாத்தும் சத்தம்தான்.

கணக்கு போதும் என்று சொன்னேன். ஆனால் எல்லா நெருக்கடியிலும் எல்லாத் தெருவும் கடைக்கு ஓடுவதில்லை. ஒரு பேட்டை ஓடும், பக்கத்துப் பேட்டை வேடிக்கை பார்க்கும். இதற்கு மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1978-இல் ஓர் அழகான விளக்கம் கொடுத்தார். அவர் சொன்னது கலவரத்துக்கு, நம் தெருவுக்கும் அப்படியே பொருந்தும். நூறு வீடு உள்ள தெரு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரம்பு உண்டு. 'இத்தனை பேர் ஓடினால் நானும் ஓடுவேன்.' முதல் வீட்டுக்காரருக்கு வரம்பு பூஜ்யம், யார் ஓடாவிட்டாலும் அவர் ஓடுவார். இரண்டாமவருக்கு ஒன்று, மூன்றாமவருக்கு இரண்டு, இப்படியே நூறாமவருக்குத் தொண்ணூற்றொன்பது. முதலாமவர் பையை எடுத்ததும் இரண்டாமவர் எடுப்பார், அவரைப் பார்த்து மூன்றாமவர். பொழுது சாய்வதற்குள் தெருவே கடை வாசலில் நிற்கும்.

இப்போது ஒரே ஒரு மாற்றம். இரண்டாம் வீட்டுக்காரரின் வரம்பு ஒன்றுக்குப் பதில் இரண்டு. முதலாமவர் ஓடுகிறார். இரண்டாமவர் 'இன்னும் ஒருத்தர் போகட்டும், பார்க்கலாம்' என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். மூன்றாமவருக்கும் வரம்பு இரண்டு, அவரும் அசையவில்லை. கதை அங்கேயே முடிந்தது. தொண்ணூற்றொன்பது பேரின் குணமும் அச்சமும் அதே, ஓடியவர் ஒருவர். வெளியிலிருந்து பார்க்கிறவர் முதல் தெருவைப் பித்துப்பிடித்த தெரு என்பார், இரண்டாம் தெருவைப் பக்குவப்பட்ட தெரு என்பார். இரண்டு தெருவுக்கும் வித்தியாசம் ஒரு மனிதரின் அரை நிமிடத் தயக்கம்.

வங்கிகளில் இதே நோய் நெடுங்காலமாக உண்டு. நல்ல வங்கியே ஆனாலும், மற்றவர்கள் பணத்தை எடுத்துவிடுவார்கள் என்று நான் நம்பினால், முந்திக்கொண்டு எடுப்பதுதான் எனக்குப் புத்திசாலித்தனம். எல்லாரும் அப்படி நினைத்தால் நல்ல வங்கியும் மூழ்கும். இதைக் கணிதமாக எழுதிக் காட்டிய பொருளாதார அறிஞர்கள் டயமண்டும் டிப்விக்கும் 2022-இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அவர்களின் கட்டுரை வந்தது 1983-இல். அதற்குப் பத்து ஆண்டுக்கு முன்பே ஜப்பானில் டொயோகவா என்ற நகரின் கூட்டுறவு வங்கியை ரயிலில் போன பள்ளி மாணவிகளின் பேச்சு ஆட்டம் காண வைத்தது. வங்கி வேலை ஆபத்தானது, கொள்ளைக்காரர் வரலாம் என்று ஒருத்தி விளையாட்டாகச் சொல்லப்போக, 'அந்த வங்கி ஆபத்தில் இருக்கிறது' என்று அது ஊர் சுற்றி வந்தது. அதே 1973-இன் பின்பாதியில், எண்ணெய் நெருக்கடியால் காகிதம் கிடைக்காது என்ற வதந்தியில், அந்த நாட்டு மக்கள் கழிப்பறைக் காகிதத்துக்கும் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருந்த காலம். அப்படிப்பட்ட காலத்தில் எல்லாருடைய வரம்பும் ஒன்றிரண்டு இறங்கிவிடுகிறது. பெருந்தொற்று செய்வதும் அதைத்தான்.

கழிப்பறைக் காகிதம் என்றதும் நம் ஊரில் சிரிப்பார்கள். 2020-இல் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் அதற்கு நடந்த அடிதடி வீடியோக்கள் நம் வாட்ஸ்அப் குழுக்களில் பவனி வந்தன. சிரிக்கும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பொருள் பெரிசு, எடை குறைவு. ஒரு கட்டு எடுத்தால் அலமாரியில் ஒரு சாண் பள்ளம் விழும், இருபது பேர் எடுத்தால் முழு அலமாரியும் வெற்றுத் தகரமாகத் தெரியும். உப்புப் பாக்கெட்டில் இருபது குறைந்தால் கண்ணுக்கே தெரியாது. அலமாரியைத் திறந்து போட்டு வியாபாரம் செய்யும் சூப்பர் மார்க்கெட்டில் வெறுமையே விளம்பரம்.

நம் தெருக் கடையில் சரக்கு கடைக்காரரின் முதுகுக்குப் பின்னால், சாக்குப் படுதாவுக்கு உள்ளே இருக்கிறது. வாடிக்கையாளருக்கு அலமாரி சேதி சொல்லாது. கடைக்காரரின் வாய்தான் சொல்லும்.

"அண்ணா, பாமாயில் இருக்குதுங்களா?"

"இப்போதைக்கு நாலு பாக்கெட்தானுங்க இருக்குது."

ஒரு பாக்கெட்டுக்கு வந்தவர் நாலையும் வாங்கிக்கொண்டு போவார். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, பெரும்பாலும் பதுக்கவும் இல்லை. ஆனால் 'நாலுதான்' என்ற சொல் பாமாயிலின் மதிப்பை அங்கேயே ஏற்றிவிட்டது. 1975-இல் உளவியலாளர் ஸ்டீபன் வொர்ச்சலும் கூட்டாளிகளும் ஒரு ஜாடியில் பத்து பிஸ்கட்டும் இன்னொன்றில் இரண்டு பிஸ்கட்டும் வைத்து, ருசி பார்த்து மதிப்புப் போடச் சொன்னார்கள். பிஸ்கட் ஒன்றே. இரண்டு இருந்த ஜாடிக்குத்தான் மதிப்பு அதிகம். பத்து இருந்து கண் முன்னால் இரண்டாகக் குறைந்த ஜாடிக்கு அதைவிட அதிகம். குறைந்ததற்குக் காரணம் மற்றவர்கள் எடுத்துக்கொண்டதுதான் என்று சொன்னால் இன்னும் அதிகம். ஊரடங்குக்கு முந்தைய நாள் ஒவ்வொரு கடை வாசலும் அந்த மூன்றாவது ஜாடிதான்.

எந்தப் பொருள் பறந்துபோகும் என்பது ஊருக்கு ஊர், நோய்க்கு நோய் மாறும். 1994 செப்டம்பரில் சூரத்தில் நுரையீரல் பிளேக் என்றதும் டெட்ராசைக்ளின் மாத்திரை அங்கே மட்டுமல்ல, தொலைவிலிருந்த டெல்லிக் கடைகளிலும் தீர்ந்தது. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு சீனாவில் அயோடின் உப்புக்கு அலைமோதினார்கள், கதிர்வீச்சிலிருந்து தைராய்டைக் காக்கும் என்று. உண்மையில் அதற்குக் கொடுக்கும் பொட்டாசியம் அயோடைடு மாத்திரை பெரியவர்களுக்கு 130 மில்லிகிராம், அதில் அயோடின் மட்டும் ஏறக்குறைய 100 மில்லிகிராம். கிலோவுக்கு 30 மில்லிகிராம் அயோடின் கலந்த உப்பில் அந்த அளவு வேண்டுமானால் மூன்று கிலோவுக்கு மேல் ஒரே மூச்சில் தின்ன வேண்டும். கதிர்வீச்சு வருவதற்குள் உப்பே ஆளை முடித்துவிடும். இருந்தாலும் உப்பு மலிவு, கெடாது, கைக்கு எட்டும். ஏதாவது செய்தோம் என்ற நிம்மதிக்கு அவ்வளவு மலிவான விலை வேறு எங்கே கிடைக்கும்?

தமிழ்நாட்டில் அந்த நிம்மதி கஷாயமாக வந்தது. டெங்கு காலத்தில் நிலவேம்பு, கொரோனா காலத்தில் கபசுரம். கபசுரக் குடிநீரில் சுக்கு, திப்பிலி, இலவங்கம், அக்கரகாரம், ஆடாதோடை, நிலவேம்பு, சீந்தில், கோரைக்கிழங்கு எனப் பதினைந்து சரக்கு. பதினைந்தும் சரியான பங்கில் சேர்ந்தால்தான் அது கபசுரம். தேவை திடீரென்று எகிறும்போது அக்கரகாரம் மாதிரியான அரிதான, விலை கூடிய சரக்குதான் முதலில் குறையும் ஆபத்து. பொட்டலத்துக்குள் தூளாகிவிட்ட பிறகு எது இருக்கிறது, எது இல்லை என்று நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. அவசரமாக வாங்குகிறவர் தரம் பார்க்க மாட்டார். இது எல்லா அவசரச் சரக்குக்கும் பொது.

முகக்கவசமும் கிருமிநாசினியும் இதற்கு நல்ல உதாரணம். 2020 மார்ச் 13-இல் இரண்டையும் அத்தியாவசியப் பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். ஒரு வாரத்தில் விலை உச்சவரம்பு வந்தது: 200 மில்லி கிருமிநாசினி 100 ரூபாய், இரண்டடுக்கு முகக்கவசம் 8 ரூபாய், மூன்றடுக்கு 10 ரூபாய். விலைக் கட்டுப்பாட்டை நான் முழுசாக எதிர்க்கவில்லை. மருந்துக் கடைக்காரர் அதற்கு மேல் விலை கொடுத்து மொத்தத்தில் வாங்கியிருந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் யோசித்துப் பார்க்க வேண்டும். நஷ்டத்துக்கு விற்க மனம் வராது, கூடுதலுக்கு விற்றால் வழக்கு. 'ஸ்டாக் இல்லீங்க' என்பதே அவருக்குப் பத்திரமான பதில். அந்தப் பதில் அடுத்த கடைக்கு ஓட வைக்கும். உச்சவரம்போடு சரக்கும் சேர்ந்து வந்தால்தான் விலை நிற்கும். கிருமிநாசினி தயாரிக்க சாராய ஆலைகளுக்கும் சர்க்கரை ஆலைகளுக்கும் அனுமதி கொடுத்ததுதான் அந்தச் சந்தையை உண்மையில் அடக்கியது. கொஞ்ச மாதத்தில் வாங்க ஆளில்லாத அளவுக்குச் சரக்கு குவிந்தது.

அந்தக் குவியலுக்குக் காரணம் சாட்டை வீச்சு. சாட்டையின் பிடியைக் கொஞ்சம் அசைத்தால் நுனி பல அடி தூரம் வீசும். தெருக் கடையில் விற்பனை இரண்டு மடங்கு ஆகிறது. கடைக்காரர் 'நாளைக்கும் இப்படித்தான் இருக்கும், கேட்டதில் பாதிதான் தருவார்கள்' என்று மூன்று மடங்கு ஆர்டர் போடுகிறார். லீ பஜார் மொத்த வியாபாரி இருபது கடையின் மூன்று மடங்கைப் பார்த்து மில்லுக்கு ஐந்து மடங்கு சொல்கிறார். மில்லில் அரவைக்கு ஆள் இல்லை, சாக்கு இல்லை, லாரி இல்லை, ஒன்றும் வரவில்லை. எல்லாரும் திரும்பவும் ஆர்டர் போடுகிறார்கள். மூன்று வாரம் கழித்து எல்லாம் ஒன்றாக வந்து இறங்கும், அப்போது தெருவில் ஒருவரும் அரிசி வாங்க மாட்டார்கள். வீட்டில்தான் ஏற்கெனவே இருக்கிறதே.

2020 மார்ச் கடைசியில் உண்மையான முடிச்சு லாரியில்தான் இருந்தது. வட கர்நாடகத்து, மகாராஷ்டிரத்துத் துவரை, குண்டூர் மிளகாய், நாசிக் வெங்காயம் எல்லாம் லாரியில் வருகிறவை. ஊரடங்கின் முதல் நாள்களில் எது அத்தியாவசியம், எது இல்லை என்று சோதனைச் சாவடிக்குச் சாவடி தர்க்கம் நடந்தது. பருப்பு அத்தியாவசியம் சரி, பருப்பைக் கட்டும் சாக்கு? மார்ச் 29-இல்தான் மத்திய உள்துறை, எந்தச் சரக்கானாலும் போகலாம் என்று தெளிவுபடுத்தியது. அதன்பின்னும் ஓட்டுநருக்கு வழியில் சாப்பாட்டுக் கடை இல்லை, பங்சர் ஒட்டக் கடை இல்லை, இறக்குமிடத்தில் சுமை தூக்க ஆள் இல்லை. சங்ககிரி, நாமக்கல் லாரிப் பட்டறைகள் பக்கத்திலேயே இருப்பதால் சேலத்துக்காரர்களுக்கு இது சொல்லிப் புரிய வைக்க வேண்டிய விஷயமில்லை.

மளிகையில் நடக்கும் ஓட்டம் பெரும்பாலும் ஒரு வாரத்துச் சங்கடம். மருந்தில் நடந்தால் அது வேறு கதை. 2020 மார்ச்சில் ஹைட்ராக்சிகுளோரோகுயினை மருத்துவப் பணியாளர்களுக்கும் நோயாளியின் வீட்டிலிருப்பவர்களுக்கும் கொரோனாத் தடுப்பாகக் கொடுக்கலாம் என்று மத்திய மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.எம்.ஆர். பரிந்துரைத்தது. சில நாளில், 26-ஆம் தேதி, சீட்டு இல்லாமல் விற்காதபடி அதை எச்1 பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று. இடையில் அதை வாங்கி அலமாரியில் போட்டவர்களுக்கு ஒரு நன்மையும் இல்லை. உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸுக்கும் முடக்குவாதத்துக்கும் தினம் அந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவர்கள்தான் கடை கடையாக அலைந்தார்கள். அரிசி இல்லாவிட்டால் கோதுமை, ராகி என்று மாற்று உண்டு. லூபஸ்காரருக்கு மாற்று மாத்திரையைப் பக்கத்து வீட்டில் கடன் கேட்க முடியாது.

ரெம்டெசிவிர் என்ற கொரோனா ஊசி மருந்தின் கதை இன்னும் கசப்பு. உயிரிழப்பைக் குறைப்பதற்குச் சான்று இல்லை என்று சொல்லி 2020 நவம்பரிலேயே உலக சுகாதார நிறுவனம் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று பரிந்துரைத்தது. 2021 மே மாதம் சென்னை கீழ்ப்பாக்கத்தில் அரசு விற்பனை மையத்தின் முன் சீட்டோடு உறவினர்கள் இரவும் பகலும் நின்றார்கள். பிறகு சேலம், கோவை, மதுரை, திருச்சி, நெல்லைக்கும் விற்பனையை விரித்தார்கள். மே 18 முதல் தனிநபர்களிடம் கொடுப்பதை நிறுத்தி மருத்துவமனைகளுக்கே நேராகக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. வரிசை அதோடு கலைந்தது. இது நிர்வாகம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடமே தவிர, அங்கே நின்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. படுக்கையில் கிடப்பவருக்காக நிற்கிறவரிடம் புள்ளிவிவரம் பேச முடியுமா?

அதே நேரம் மலிவான ஸ்டீராய்டு மருந்தான டெக்சாமெத்தசோனைச் சிலர் முதல் நாள் காய்ச்சலுக்கே விழுங்கினார்கள். 2020 ஜூனில் வந்த பிரிட்டன் ஆய்வு தெளிவாகவே சொன்னது: செயற்கைச் சுவாசத்தில் இருப்பவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் தேவைப்படுகிறவர்களின் மரணத்தை ஐந்தில் ஒரு பங்கும் அது குறைக்கிறது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. சர்க்கரை நோயாளிக்கோ சர்க்கரையை எகிற வைக்கும். சேர்த்து வைத்த மாத்திரை சும்மா கிடப்பதில்லை என்பதுதான் மருந்துப் பதுக்கலின் இன்னொரு ஆபத்து. வீட்டில் இருக்கிறது என்பதற்காகவே வாய்க்குள் போகும்.

இத்தனைக்கும் நடுவில் முன்கூட்டியே வாங்கி வைப்பது தவறு என்று யாராவது சொன்னால் ஏற்காட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். சேலத்திலிருந்து போகும் பிரதானச் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவு, குப்பனூர் வழியாக இன்னொரு பாதை. மழைக்காலத்தில் ஒரு பாறை உருண்டால் ஒரு வழி போச்சு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச் சாலைகளில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. சேர்வராயன் மலைக் கிராமங்களில் ஐப்பசி பிறப்பதற்குள் அரிசி, பருப்பு, எண்ணெய், தீப்பெட்டி வாங்கி வைப்பது பீதியில் சேராது, அது அங்கே பருவ வேலை. மழை வருவதற்கு முன்னால், கடையில் கூட்டமில்லாத நாளில் வாங்குகிறார்கள். ஆளுக்கு ஒரு சந்தையில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிறார்கள். சமவெளியில் நாம் தொலைத்தது இந்த நிதானத்தைத்தான். கூப்பிடு தூரத்தில் கடை இருக்கிறவருக்கு வீடே நாலு நாள் இருப்பில் ஓடுகிறது. கடையும் நாலு நாள் இருப்பில் ஓடுகிறது. இரண்டுக்கும் சேர்த்து ஒரு சனிக்கிழமை போதும்.

மேலே சொன்ன 300 வீட்டுக் கடைக்கே திரும்புவோம். ஒவ்வொரு வீடும் பதினைந்து நாள் கூடுதல் அரிசி, அதாவது 15 கிலோ, வைத்துக்கொள்ள நினைக்கிறது. ஒரே நாளில் வாங்கினால் 4,500 கிலோ, 180 சிப்பம், கடை காலி. அதையே வாரம் 3 கிலோ கூடுதலாக ஐந்து வாரத்தில் வாங்கினால் கடைக்கு வாரத்துக்கு 36 சிப்பம், நாளுக்கு ஐந்து. பத்துச் சிப்பம் ஓடும் கடையில் பதினைந்து ஓடுவது நல்ல வியாபாரம், யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. அதே அரிசி, அதே வீடு.

இது கையில் காசு உள்ளவர்களுக்குச் சொன்ன வழி. கொலுசுப் பட்டறையிலும் தறியிலும் வாரக் கூலி வாங்குகிறவர் சனிக்கிழமை சாயங்காலம்தான் கடைக்கு வருவார். பட்டறை மூடியிருந்தால் அதுவும் இல்லை. அவருக்கு வாய்ப்பது கடன் நோட்டும் ரேஷன் கடையும்தான். தமிழ்நாட்டின் ரேஷன் இந்த இடத்தில் பெரிய தடுப்பணை: விலையில்லா அரிசி, 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம் பருப்பு, 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில். 2020 ஏப்ரலில் 1,000 ரூபாயும் இலவசப் பொருளும் கொடுத்தபோது நாளும் நேரமும் குறித்த டோக்கனை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். டோக்கன் என்பது வெறும் துண்டுச் சீட்டு. ஆனால் 'உன் பங்கு உனக்கென்று இருக்கிறது, முந்த வேண்டியதில்லை' என்று அது சொல்கிறது. கிரானோவெட்டரின் தெருவில் நூறு பேரின் வரம்பையும் ஒரே அடியாக உயர்த்தும் சீட்டு அது. அரசிடம் இருந்த ஆயுதங்களில் அதற்கு இணையாக நான் எதையும் சொல்ல மாட்டேன். 2021 மே 24 முதல் தளர்வில்லா ஊரடங்கு வந்தபோது முந்தைய இரண்டு நாளும் இரவு 9 மணி வரை கடை திறக்க விட்டார்கள், பிறகு காய்கறி வண்டிகளைத் தெருவுக்கு அனுப்பினார்கள். கூட்டம் அப்போதும் இருந்தது. ஆனால் ஏழு மணி நேரத்தில் அடைக்கப் பார்த்ததைவிட அது எவ்வளவோ மேல்.

கடைக்காரர்களுக்கும் சில உத்தி உண்டு. முதல் நாள் ராத்திரியே பொட்டலம் கட்டி வைப்பது: ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ துவரை, அரைக் கிலோ உளுந்து, ஒரு லிட்டர் எண்ணெய், ஒரு கிலோ சர்க்கரை, உப்பு, கால் கிலோ புளி. பத்து நிமிடச் சிட்டை ஒரு நிமிடத்தில் முடியும். மூன்று நாளுக்கு நாலு பேர் உள்ள வீட்டுக்கு இது தாராளம். போனில் சிட்டை வாங்கி, 'பதினோரு மணிக்கு வாங்க' என்று நேரம் சொல்வது இன்னும் நல்லது. மூட்டையைப் படுதாவுக்குப் பின்னால் வைக்காமல் கடை முகப்பில் கண்ணில் படும்படி அடுக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, ஒரு சிலேட்டில் 'அடுத்த லோடு நாளை காலை 8 மணி' என்று எழுதி மாட்ட வேண்டும், சொன்ன நேரத்துக்கு வரவும் வேண்டும். 'ஒருவருக்கு இரண்டு பாக்கெட் மட்டும்' என்ற பலகை மட்டும் தனியாகத் தொங்கினால் எதிர்விளைவு. ஒரு பாக்கெட் வாங்க நினைத்தவருக்கும் இரண்டு வாங்கும் உரிமையை அது ஞாபகப்படுத்தும். பலகை வைத்தே ஆக வேண்டுமென்றால் பக்கத்தில் லோடு வரும் நேரமும் இருக்கட்டும்.

வீட்டில் எதை வைப்பது? நாலு பேருக்குப் பதினைந்து நாளைக்கு அரிசி 15 கிலோ, துவரை ஒன்றரை முதல் இரண்டு கிலோ, உளுந்து ஒரு கிலோ, எண்ணெய் ஒன்றரை லிட்டர், உப்பு, புளி அரைக் கிலோ வீதம். கேஸ் சிலிண்டரை எல்லாரும் மறப்பார்கள், அரிசி இருந்து அடுப்பு இல்லாவிட்டால் என்ன பயன்? பிரஷர், சர்க்கரை மாத்திரை எப்போதும் ஒரு மாதம் முன்னால் இருக்கட்டும், ஆறு மாதம் வேண்டாம், மருத்துவர் அளவை மாற்றினால் எல்லாம் குப்பைக்குத்தான். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் கதவில் வைக்கலாம், ஃப்ரீசரில் கூடாது, உறைந்ததைப் பயன்படுத்தக் கூடாது. திறந்தது பெரும்பாலும் 28 நாள்தான்.

மாவு, ரவை விஷயத்தில் பேராசை வேண்டாம். அரிசி வண்டு அரிசிமணிக்கு உள்ளேயே முட்டையிடும், நம் ஊர் வெயிலில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் முழு வண்டாக வெளியே வரும். வாங்கும்போது சுத்தமாகத் தெரிந்த சிப்பம் இரண்டாம் மாதம் நடக்க ஆரம்பிப்பது அதனால்தான். மொட்டை மாடியில் காய வைத்தால் ஓடுகிற வண்டு ஓடும், மணிக்குள் இருப்பது இருக்கும். காய்ந்த மிளகாயும் வேப்பிலையும் போட்டு மூடினால் புதிதாக வருவது குறையும், அவ்வளவுதான். சிப்பத்தைத் தரையில் போடாமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் வைக்க வேண்டும். ஏற்காடு மாதிரி ஈரக் காற்றுள்ள இடத்தில் மூடி இறுகும் தகர டின். ரவையையும் மைதாவையும் சின்னப் பாக்கெட்டாக வாங்கி, ஃப்ரீசரில் நாலு நாள் வைத்து எடுத்து, வெளியே இருந்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகு டப்பாவில் கொட்டினால் முட்டை சாகும், ஈரமும் ஏறாது. வறுத்து வைத்த ரவை இன்னும் நாள் தாங்கும். புதுசு பின்னால், பழசு முன்னால். இது தெரியாமல் அந்த ஏப்ரலில் அள்ளிக் கட்டிய கடலை மாவெல்லாம் ஆனி மாதத்தில் சல்லடைக்கு வந்திருக்கும்.